குனியாமல், தூக்காமல் ஒரு பால்கனித் தோட்டம்: உடம்பில் தெம்பு குறைந்தவர்களுக்கான செய்முறை

மாடித்தோட்டம் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, மண் மூட்டையைத் தோளில் ஏற்றவும் வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்து வேலை செய்யவும் முடிகிறவர்களுக்கானவை. முழங்கால் தேய்ந்தவர்கள், இதய அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருகிறவர்கள், சிக்குன்குனியா விட்டுப்போன மூட்டுவலியோடு மாதக்கணக்கில் அல்லாடுகிறவர்கள், டயாலிசிஸுக்குப் போய்வந்த நாளில் படுக்கையை விட்டு எழவே முடியாதவர்கள் போன்றோருக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் இவர்களாலும் வாரத்துக்கு நாலு கத்தரிக்காயும் இரண்டு வேளைக் கீரையும், தாளிக்கும்போதெல்லாம் கறிவேப்பிலையும் வீட்டிலேயே பறிக்க முடியும். தோட்டத்தை அமைக்கும் கணக்கை மட்டும் மாற்றிப் போட வேண்டும்.

உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எத்தனை தொட்டியைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று யோசிப்பதுதான் எல்லோரும் செய்வது. எழுந்திருக்கவே முடியாத நாள் மூன்று சேர்ந்து வந்தால் எத்தனை தொட்டி தாங்கும் என்று யோசியுங்கள். தெம்பான நாளில் பதினைந்து பை வாங்கி அடுக்கிவிட்டு, சித்திரையில் மூன்று நாள் படுத்தால் பதினைந்தும் கருகிவிடும். அதைப் பார்த்து மனம் விட்டுப்போய்த் தோட்டத்தையே கைவிட்டவர்கள் நிறையப் பேர். முதல் பட்டத்துக்கு, அதாவது முதல் நடவுப் பருவத்துக்கு, மூன்று தொட்டி போதும். அது சிரமமில்லாமல் ஓடினால் அடுத்த பட்டத்தில் இரண்டு கூட்டலாம். எட்டுக்கு மேல் வேண்டாம். கீழே உள்ள அளவுகள் எல்லாம் எட்டடிக்கு மூன்றடி பால்கனியை மனத்தில் வைத்துச் சொல்பவை. மொட்டை மாடியில் ஒரு மூலைக்கும் பொருந்தும், படி ஏற முடிகிறவராக இருந்தால்.

வெயில் எவ்வளவு விழுகிறது என்று முதலில் பாருங்கள். காலை 9, பகல் 12, மாலை 3 என மூன்று நேரம் செல்போனில் படம் எடுத்தால் போதும், அங்கேயே நிற்க வேண்டியதில்லை. கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று, நான்கு மணி நேர வெயில் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆறு மணி நேரம் வேண்டும். வடக்கு பார்த்த பால்கனி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை அட்சரேகையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் அங்கே கீரை நன்றாக வரும். மேற்குப் பார்த்ததென்றால் பங்குனி தொடங்கும்போதே 50 சதவீத நிழல்வலை கட்டச் சொல்லிவிடுங்கள்.

எடைதான் முதல் எதிரி

செம்மண் நிரப்பிய 12 அங்குலத் தொட்டி நனைந்திருக்கும்போது 30 கிலோவைத் தாண்டும். அதாவது நிறைந்த கேஸ் சிலிண்டரின் எடை. அதை யாரும் தனியாக நகர்த்தக் கூடாது. அதே தொட்டியில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை போட்டால் நனைந்த பிறகும் 15, 16 கிலோதான் வரும்.

கலவைக்கான அளவு: ஊறிய நார்க்கழிவு 3 பங்கு, மண்புழு உரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு. பத்து லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், வேப்பம் புண்ணாக்குத் தூள். செம்மண்ணை முழுதும் விட்டுவிட்டால் எடை இன்னும் குறையும்தான். ஆனால் செடி வளர்ந்ததும் காற்றுக்குச் சாயும், சத்தும் சீக்கிரம் வடிந்துவிடும். ஆகவே அந்த ஒரு பங்கை விடாதீர்கள்.

நார்க்கழிவு 5 கிலோ கட்டியாகவும் 650 கிராம் செங்கல் அளவிலும் கிடைக்கிறது. பெரிய கட்டி மலிவு. ஆனால் ஊறிய பிறகு அது 70 லிட்டருக்கு மேல் உப்பி, இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். தனியாக வேலை செய்கிறவர் சிறிய கட்டியையே வாங்குங்கள். ஒரு கட்டியை டப்பில் போட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி விட்டால் எட்டு லிட்டர் அளவுக்குப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இதில் பலரும் தவறவிடுவது அலசுவதை. நார்க்கழிவில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் இரண்டு வாரத்தில் நாற்றின் இலை ஓரங்கள் பழுப்பாகித் தீய்ந்தது போலாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். பிழிந்து அலசக் கையில் வலு வேண்டும். அதற்குப் பதில் ஊறியதைப் பழைய தலையணை உறையில் பாதியளவு போட்டு, குழாய்க்கடியில் முக்காலியின் மேல் வைத்துத் தண்ணீரை மெல்லத் திறந்துவிடுங்கள். முதலில் தேநீர் நிறத்தில் வடியும். நிறம் வெளுத்ததும் மூடிவிட்டு அப்படியே ஒரு மணி நேரம் வடியவிடலாம். கைக்கு வேலையே இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் உலர்ந்த கட்டியை உடைக்க வேண்டாம், அந்தத் தூசு மூச்சை அடைக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள், மண்புழு உரப் பையைத் திறக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்புவதில் ஒரே விதி: தொட்டி எங்கே நிற்கப் போகிறதோ அங்கே வைத்துத்தான் நிரப்ப வேண்டும். கீழே நிரப்பி மேலே தூக்கி வைக்கும் பேச்சே கூடாது. ஒரு லிட்டர் மக் கொண்டு அள்ளிப் போடுங்கள். ஒரு மக் முக்கால் கிலோதான் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிரப்பி முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

நிரப்பிய தொட்டியை வெயிலுக்காக நகர்த்த வேண்டியிருந்தால் வீட்டில் இருக்கும் சிலிண்டர் டிராலியே போதும். 30 கிலோ சிலிண்டருக்காகச் செய்தது அது. 30 சென்டிமீட்டர் அடியுள்ள தொட்டி அதில் அடக்கமாக உட்காரும். காலால் தள்ளலாம். தள்ளும்போது ஒரு கையால் சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் தாங்குமா என்ற கேள்வி வரும். இந்தியத் தரக் குறியீட்டில் வீட்டு பால்கனிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கு இருக்கிறது. எட்டு இலேசான தொட்டிகள் இரண்டேகால் சதுர மீட்டர் பால்கனியில் பரவி நின்றால் சதுர மீட்டருக்கு 70 கிலோகூட வராது. இருந்தாலும் கம்பி துருத்திக்கொண்டு தெரியும் பழைய பால்கனியில் எதையும் வைக்குமுன் பொறியாளரைக் கேட்டுவிடுங்கள். கனமானவை வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் மேல் எதுவும் வேண்டாம். அதற்குத் தண்ணீர் ஊற்ற எட்டிப் பார்க்கும்போதுதான் தலைசுற்றும்.

உயரம்

உட்கார்ந்தே வேலை செய்வதற்குத் தோட்டத்தை அமையுங்கள். இன்று நிற்க முடிந்தாலும் அப்படியே அமையுங்கள்.

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி சுமார் 45 செ.மீ உயரம். அதில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீரைத்தட்டின் விளிம்பு 65 முதல் 75 செ.மீக்குள் இருந்தால் முழங்கை இயல்பாக மடங்கும், தோள் ஏறாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தட்டுக்கடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ காலியாக இருக்க வேண்டும், ஆகவே விளிம்பு 85 செ.மீ ஆகிவிடும், அதற்குத் தட்டின் ஆழம் 15 செ.மீக்கு மேல் போகக் கூடாது. நின்று செய்பவருக்கு முழங்கையிலிருந்து ஒரு சாண் தாழ்வு சரியாக இருக்கும். அகலம் இன்னும் முக்கியம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதாக இருந்தால் 45 செ.மீ, மிஞ்சினால் 60. அதற்கு மேல் போனால் முதுகை வளைத்து எட்டுவீர்கள், அந்த வலி மறுநாள்தான் தெரியும்.

காய்ச்செடிக்கு இந்தக் கணக்கு மாறும். கத்தரி விளிம்புக்கு மேல் இரண்டடி வளரும். தொட்டியையும் மேசை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் காய் பறிக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிவரும். கையை உயர்த்தியபடி வேலை செய்தால் இதய நோயாளிக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். ஆகவே காய்ச்செடி வாளியின் விளிம்பு 55 முதல் 60 செ.மீயில் நிற்கட்டும். 38 செ.மீ உயர வாளிக்கடியில் ஒரு ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்தால் 20 செ.மீ கிடைத்துக் கணக்கு சரியாகும். பந்தல் காய்கள், தொங்கும் தொட்டிகள் இரண்டும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

கீரைத்தட்டுக்குப் பழக்கடைகளில் கிடைக்கும் 60க்கு 40 செ.மீ பிளாஸ்டிக் கிரேட் நல்லது. உள்ளே பழைய சாக்கை விரித்து 15 செ.மீ உயரத்துக்கு நிரப்பினால் நனைந்த பிறகு 28 கிலோ வரும். அதைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். வெல்டிங் பட்டறையில் முக்கால் அங்குலச் சதுரக் குழாயில் செய்யச் சொல்லுங்கள், நான்கு காலிலும் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் முக்காலி மேல் வைக்காதீர்கள். ஒரு கோடை முழுக்க வெயில் பட்டால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், எச்சரிக்கை தராமல் உடையும். நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் இது பொருந்தும், வேலை முடிந்ததும் அதை நிழலுக்குள் தள்ளிவிடுங்கள்.

தானே தண்ணீர் குடித்துக்கொள்ளும் வாளி

தினசரி வேலையில் அதிகத் தெம்பை உறிஞ்சுவது தண்ணீர் ஊற்றுவது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு குளியலறையிலிருந்து பால்கனிக்கு மூன்று நடை என்பது பலருக்கு அன்றைய நாளின் சக்தி முழுதையும் தின்றுவிடும். இந்த ஒரு வேலையை ஒழித்தால் தோட்டம் பாதி இலேசாகிவிடும். அடியில் நீர்த்தேக்கம் உள்ள வாளி இதற்கென்றே உள்ள ஏற்பாடு. முதலில் செய்யும்போது மட்டும் ஒருவர் துணை வேண்டும். பிறகு இரண்டு, மூன்று வருடம் ஓடும்.

வேண்டியவை: சுவர்ப் பூச்சுக்கான எமல்ஷன் வந்த 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, நன்றாகக் கழுவியது (ஆயில் பெயிண்ட் டப்பா கூடாது), வாளிக்குள் கவிழ்த்தால் அடங்கும் 10 செ.மீ உயரக் காய்கறிக் கூடை; அதே உயரமுள்ள தயிர் டப்பா; 45 செ.மீ நீளத்தில் ஒரு அங்குல பி.வி.சி குழாய், கொசுவலைத் துண்டு.

வாளியின் அடியிலிருந்து 8 செ.மீ உயரத்தில் பக்கவாட்டில் 10 மி.மீ ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். கூடுதல் தண்ணீர் வெளியேறும் வழி இது. இதை அடியில் போட்டுவிட்டால் தேக்கமே இருக்காது, 10 செ.மீக்கு மேலே போட்டால் வேர் முழுகும். கூடையின் அடிப்பக்கத்தில் நடுவே தயிர் டப்பா நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். டப்பாவின் பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு சிறு துளைகள் போடுங்கள். வாளிக்குள் கூடையைக் கவிழ்த்து, டப்பாவை அந்த வெட்டு வழியாக இறக்கி அடியைத் தொடவிடுங்கள். குழாயின் ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, சாய்ந்த முனை கீழே இருக்கும்படி வாளியின் ஓரமாகச் சொருகுங்கள். நேராக வெட்டினால் முனை அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்காது. கூடைக்கும் வாளிச் சுவருக்கும் இடையே கலவை விழாதபடி பழைய வேட்டித் துணியைச் சுற்றிலும் அடைத்துவிடுங்கள்.

இனிக் கலவை. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு வடிய வேண்டும், அந்த ஈரத்தில் நனைத்துக்கொள்ளுங்கள். தயிர் டப்பாவுக்குள் மட்டும் விரலால் நன்கு அழுத்தி அடையுங்கள். தண்ணீரில் நின்று ஈரத்தை மேலே கடத்துவது இந்த டப்பாதான். உள்ளே வெற்றிடம் இருந்தால் ஈரம் ஏறாது. மேலே உள்ளதை அழுத்தாமல் பொலபொலவென்று நிரப்பி, விளிம்புக்குக் கீழே மூன்று விரற்கடை விடுங்கள். முதல் முறை மேலிருந்து இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். காய்ந்த நார்க்கழிவு தண்ணீரைத் தானாக உறிஞ்சாது, "வாளியில் தண்ணீர் இருக்கிறது, செடி வாடுகிறது" என்ற புகாருக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பிறகு குழாய் வழியாக ஊற்றி, பக்க ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். தேக்கத்தில் சுமார் 4 லிட்டர் நிற்கும். காய்க்கும் கத்தரி கோடையில் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் குடிக்கும், ஆகவே மூன்று நாள் தாங்கும். மிளகாய்க்கு நான்கைந்து நாள்.

குழாய்க்குள் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. மெல்லிய குச்சியின் நுனியில் சிறு தெர்மாகோல் துண்டைக் குத்திக் குழாயில் போடுங்கள். தண்ணீர் இருந்தால் குச்சி மேலே நிற்கும், இறங்கியிருந்தால் ஊற்றும் நேரம். நாற்காலியிலிருந்தே தெரியும்.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த அளவு தேங்கிய தண்ணீர் தாராளம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். குழாயின் வாயில் வலையைக் கட்டி, குச்சி வெளியே வர மட்டும் சிறு துளை விடுங்கள். பக்க ஓட்டையிலும் வலையை ஒட்டுங்கள். மழைக்காலத்தில் அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் வாளி முழுக்கத் தண்ணீர் நின்று வேர் அழுகும். கலவையில் சாக்கடை வாடை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை வெளிப்பக்கமிருந்து வலை மேல் படிந்ததை எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியால் சுரண்டிவிட்டால் போதும்.

கீழிருந்து ஈரம் ஏறுவதால் உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். போர்வெல் தண்ணீர் என்றால் விரைவாகவே படியும். அந்த மேல் அடுக்கைக் கரண்டியால் வழித்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து நான்கைந்து லிட்டர் ஊற்றி அலசிவிடுங்கள். நல்ல மழை பெய்தால் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும். இன்னொன்று: பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர், அரிசி கழுவிய தண்ணீர் எதையும் குழாயில் ஊற்றாதீர்கள். தேக்கத்தில் அழுகி நாறும். அவற்றை மேலேதான் ஊற்ற வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி பஞ்சகவ்யம் என்ற அளவில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

குழாய்வழியும் சொட்டுநீரும்

பால்கனியில் தண்ணீர்க் குழாய் இருந்தால் வாளிகளை நிரப்ப அரை அங்குல ஹோஸ் போதும். பத்து மீட்டர் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்தான். நுனியில் துப்பாக்கி மாதிரி விசை உள்ள ஸ்ப்ரேயரை வாங்காதீர்கள். விரல் மூட்டு வீங்கியவரால் அந்த விசையை ஒரு நிமிடம்கூட அழுத்திப் பிடிக்க முடியாது. சிறிய பால் வால்வு (உள்ளே துளையுள்ள பந்து திரும்பித் திறக்கும் வால்வு) ஒன்றைப் பொருத்துங்கள், உள்ளங்கையால் தள்ளித் திறக்கலாம்.

கீரைத்தட்டுகளுக்குச் சொட்டுநீர் வைக்கலாம். இங்கே பணம் வீணாவது இரண்டு இடத்தில். வயலுக்கு விற்கும் அழுத்தம் சீராக்கும் சொட்டுவான்கள் வீட்டுத் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் சொட்டவே சொட்டாது. திருகிச் சரிசெய்யும் சாதாரணச் சொட்டுவான்களும் 4 மி.மீ குழாயும் வாங்குங்கள். அதேபோல் டைமர். சோலனாய்டு வகை (மின்காந்தத்தால் வால்வைத் திறக்கும்) டைமர் வேலை செய்யக் குறைந்தது அரை பார் அழுத்தம், அதாவது ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் வேண்டும். தலைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் தொட்டி இருக்கும் வீட்டுக்கு அது உதவாது. உள்ளே பால் வால்வு உள்ள டைமர் என்று கேட்டு வாங்குங்கள், அது அழுத்தமே இல்லாமலும் இயங்கும். தொடக்கத்தில் வடிகட்டி வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் சொட்டுவான் அடைக்கும். சுண்ணாம்பு படிந்தவற்றைக் கழற்றி ஓரிரவு வினிகரில் ஊறப்போட்டால் திறந்துகொள்ளும்.

எதை நடலாம்

ஒருமுறை நட்டால் பலமுறை பறிக்கக்கூடியதே உங்கள் செடி. சிறுகீரையும் தண்டுக்கீரையும் வேரோடு பிடுங்குபவை. மாதம் ஒருமுறை மண்ணைக் கிளறி மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரை அப்படியில்லை. விதைத்து 25, 30 நாளில் முதல் அறுப்பு, அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று நான்கு மாதம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள், அதற்குக் கீழே வெட்டினால் துளிர் வராது. விதை கடுகைவிடச் சிறியது. ஒரு ஸ்பூன் விதையோடு ஐந்து ஸ்பூன் உலர்ந்த மணல் கலந்து தூவினால் சீராக விழும். நனைத்த செய்தித்தாளால் மூடிவைத்து, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, புதினா மூன்றுக்கும் விதை வாங்கவே வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சொருகுங்கள். பத்து நாளில் துளிர்க்கும். இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே செய்யலாம். கொடிப்பசலையைப் படரவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதராக நிற்கும். மணத்தக்காளி ஒரு செடி வைத்தால் பழம் உதிர்ந்து தானே முளைக்கும். கற்பூரவல்லி, பிரண்டை, தூதுவளை மறந்துபோனாலும் சாகாது. தவசிக்கீரையும் எளிது, ஆனால் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990களில் தைவானில் அதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டது. சிறுநீரக நோயாளிகள் எந்தக் கீரை, எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டுவிட்டே நட வேண்டும், கீரையில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு அளவோடுதான் சேரலாம்.

காய்க்குக் கத்தரியும் மிளகாயும் போதும். நாற்றாக வாங்குங்கள், ஒரு மாத வேலை மிச்சம். ஆடியில் நட்ட கத்தரி ஐப்பசிக்குள் காய்த்துவிடும். நான்கைந்து மாதம் காய்த்து ஓய்ந்ததும் பிடுங்காமல், அடியிலிருந்து ஒரு சாண் விட்டு மேலுள்ளதை வெட்டி, அதாவது கவாத்து செய்து, இரண்டு பிடி மண்புழு உரம் போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். புதுச் செடி வைக்கும் உழைப்பு முழுதும் தப்பியது. ஆடிக்கு விட்டவர்கள் தையில் நடலாம். அக்னி நட்சத்திர நாட்களில் புதிதாக எதையும் நட வேண்டாம், செடிக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. தக்காளி எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும், பக்கக் கிளை கிள்ள வேண்டும், இலைச்சுருட்டல் வேறு வரும். இரண்டு பட்டம் போகட்டும்.

பூச்சி வந்தால்

பெரும்பாலும் வருவது மாவுப்பூச்சியும் அசுவினியும் (செடிப்பேன்). செடிகள் கண்ணுக்கு நேராக இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான், முதல் வெள்ளைப் புள்ளியிலேயே தெரிந்துவிடும். அந்த நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது. பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெய், 2 மி.லி திரவ சோப்பு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள், வாரம் ஒருமுறையாக மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். விசை அழுத்தும் பாட்டில் விரலை வாட்டும். ஒரு லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயரை மடியில் வைத்து நான்கு முறை பம்ப் செய்துவிட்டுக் கட்டைவிரலால் திறந்துவிடலாம். மாவுப்பூச்சி தேடி எறும்பு வரும். ஸ்டாண்டின் கால்களில் நான்கு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழக்கம் வேண்டாம், மறுபடி கொசு.

உடம்பைச் செலவிடும் முறை

ஒரு நாளைக்கு ஒரு வேலை. இன்று தண்ணீர் நிரப்பினால் கவாத்து நாளைக்கு. ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் என்று செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், களைப்பு தெரிகிறதோ இல்லையோ, அடித்ததும் எழுந்துவிடுங்கள். களைப்பு பலருக்கு அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் படுக்கவைக்கும். மறுநாள் காலை எழும்போது வழக்கத்தைவிட அயர்ச்சி இருந்தால் அடுத்த முறை பத்து நிமிடம். வேலை செய்துகொண்டே ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாற்காலியிலிருந்து சட்டென்று எழக் கூடாது. முதலில் நாற்காலி நுனிக்கு வந்து, பாதத்தை நான்கைந்து முறை அசைத்து, அரை நிமிடம் கழித்துக் கையை ஊன்றி எழுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு மாடித் தளத்தில் நிற்பது ஆபத்து. சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்து புண்ணாகும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பும் கையுறையும் கட்டாயம்.

கருவிகள் மூன்றே போதும்: பழைய குழம்புக் கரண்டி, ஸ்பிரிங் உள்ள கத்தரிக்கோல், ஒரு மக். கரண்டி, கத்தரிக்கோல் பிடிகளில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றித் தடிமனாக்கினால் விரலை முழுதும் மடக்காமலே பிடிக்கலாம். மூன்றையும் நாற்காலிக் கையில் ஒரு துணிப்பையில் தொங்கவிடுங்கள்.

கனமான வேலைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கலவை மாற்றுவது, வாளியைக் கழுவுவது, ஸ்டாண்டை நகர்த்துவது, நிழல்வலை கட்டுவது எல்லாவற்றையும் அந்த நாளுக்கென்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவையுங்கள். இடையில் "இது ஒன்றுதானே" என்று நீங்களே தூக்கிப் பார்க்க வேண்டாம். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தொகுப்பில் பைகளும் நார்க்கழிவும் விதைகளும் சேர்ந்தே வரும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்து, தொகுப்பு வந்த சமயத்தில் ஆள் வரும் நாளை வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

படுத்துவிடும் வாரமும் வரும். அதற்கு முன்னதாகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும்படி ஓர் அட்டையில் எழுதிப் பால்கனிக் கதவில் ஒட்டிவையுங்கள்: "குச்சி இறங்கியிருந்தால் குழாயில் தண்ணீர், பக்க ஓட்டையில் வரும்வரை. கீரைத்தட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மக். வேறெதுவும் செய்ய வேண்டாம். காய் இருந்தால் நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூ குறைந்துவிடும். பறிக்க ஆளில்லாமல் கத்தரி மஞ்சளாகப் பழுத்துவிட்டால், எழுந்த பிறகு முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துவிடுங்கள், பத்துப் பதினைந்து நாளில் செடி மறுபடி பூக்கும்.